நூறா, ஐம்பதா? - துப்பாக்கி தொடாத பட்டாளத்துத் தாத்தா

2006 ஏப்ரல் 3. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சாட்டனூகா என்று ஒரு ஊர். அங்கே இருக்கும் தேசிய ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்குக் குதிரை வண்டியில் ஒரு சவப்பெட்டி வந்தது. மேலே தேசியக் கொடி போர்த்தியிருந்தது. உள்ளே இருந்தவர் டெஸ்மண்ட் தாமஸ் டாஸ். மார்ச் 23ம் தேதி அலபாமா மாநிலம் பீட்மான்ட்டில் காலமானார். வயது 87.

அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதுக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' என்று பெயர். நம் பரம் வீர் சக்ரா மாதிரி. அந்த விருதை முதன்முதலில், 1863ல் வாங்கிய சிலரும் இதே சாட்டனூகா தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். உள்நாட்டுப் போரின்போது எதிரியின் ரயில் எஞ்சினையே கடத்திக்கொண்டு போன கில்லாடிகள் அவர்கள்! அவர்கள் நடுவே டாஸும் போய்ச் சேர்ந்தார். ஒரே ஒரு வித்தியாசம். இவர் போர்க்களத்தில் ஒரு தோட்டா கூடச் சுடவில்லை. துப்பாக்கியைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பட்டாளத்தில் சேர்ந்தார்.

'ஹேக்சா ரிட்ஜ்' படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மெல் கிப்சன் இயக்கி 2016ல் வந்த படம். அதில் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நடித்தது இவராகத்தான். ஆனால் படத்தில் வருவது இருபத்தாறு வயது இளைஞன். கடைசி முப்பது வருடங்களில் டாஸைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு ஒரு ஆள். ஒரே நுரையீரலோடு மூச்சு வாங்கிக்கொண்டு, காது கேட்காமல், சனிக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஒரு ஒல்லித் தாத்தா. சண்டைக் கதை கேட்டால் சொல்வார். ஆனால் கதையின் பெருமையை உடனே கடவுள் பக்கம் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இந்தத் தாத்தாவின் கதையில் எல்லோரும் சொல்லும் எண் 75. தனி ஆளாக 75 பேரைக் காப்பாற்றினார் என்பார்கள். அந்த 75 எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கதையை விடச் சுவாரஸ்யம். அதற்கு முன்னால் ஆளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1919 பிப்ரவரி 7ம் தேதி வர்ஜீனியா மாநிலம் லிஞ்ச்பர்க்கில் பிறந்தவர். அப்பா தச்சர். அம்மா ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், பக்தி அதிகம். (இந்தச் சபை நம் ஊரிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிப்பவர்கள்.) அப்பா ஒரு நாள் ஏலத்தில் ஒரு படம் வாங்கி வந்து வீட்டுச் சுவரில் மாட்டினார். பத்துக் கட்டளைகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சித்திரமும் உள்ள படம். கொலை கூடாது என்கிற ஆறாவது கட்டளைக்குப் பக்கத்தில் காயீன் கையில் தடியோடு நிற்க, தம்பி ஆபேல் கீழே செத்துக் கிடப்பான். ஒரு அண்ணன் தம்பியை எப்படிக் கொல்ல முடியும்? சின்னப் பையன் டெஸ்மண்ட் நாற்காலி போட்டு ஏறி நின்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பானாம்.

இன்னொரு சம்பவம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் குடிபோதையில் சண்டை முற்றி, அப்பா கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார். அம்மா நடுவில் புகுந்து அதைப் பிடுங்கி, மகன் கையில் கொடுத்து, ஓடிப்போய் ஒளித்து வைக்கச் சொன்னார். ஒளித்து வைத்துவிட்டு வந்த பையன், இனி வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டான். (படத்தில் இது வேறு மாதிரி வரும். அங்கே மகனே அப்பாவைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டுவான். சினிமாவுக்கு இந்த ஏற்பாடுதான் வசதி!)

இரண்டாம் உலகப்போர் வந்தபோது டாஸ், நியூபோர்ட் நியூஸ் என்ற துறைமுக நகரத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தார். போருக்குத் தேவையான வேலை என்பதால் பட்டாளத்துக்குப் போகாமல் விலக்கு வாங்கியிருக்கலாம். அவர் வாங்கவில்லை. 1942 ஏப்ரல் 1ம் தேதி ராணுவத்தில் சேர்ந்தார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம் தேவை. இல்லாவிட்டால் நம் ஆட்கள் உடனே டாஸை காந்தியவாதி பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். 1940ல் அமெரிக்கா கொண்டுவந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தில், மத நம்பிக்கையால் போரை எதிர்ப்பவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சீருடையே போட மாட்டேன் என்று சொன்ன சுமார் 12,000 பேர் காடு வளர்ப்பு, மனநல மருத்துவமனை என்று பொதுச்சேவை முகாம்களுக்குப் போனார்கள். அதுவும் முடியாது என்ற சுமார் 6,000 பேர் ஜெயிலுக்குப் போனார்கள். சீருடை போடுகிறேன், ஆயுதம் மட்டும் எடுக்க மாட்டேன் என்றவர்கள் மூன்றாவது வகை. அந்த வகைக்கு 1-ஏ-ஓ என்று பெயர். டாஸ் அதில் வந்தவர்.

அவர் போரை எதிர்க்கவில்லை. அந்தப் போர் நியாயமானது என்றே நம்பினார். நாட்டுக்காக எல்லோரும் உயிரைக் கொடுக்கும்போது தானும் கொடுக்கத் தயார், ஆனால் உயிரை எடுக்க மட்டும் தயாரில்லை என்பது அவர் கட்சி. போரை மனசாட்சிப்படி 'எதிர்ப்பவர்' என்று சட்டம் வைத்த பெயர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. மனசாட்சிப்படி 'ஒத்துழைப்பவர்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. மருத்துவச் சிப்பாய் காப்பாற்றும் ஆள் குணமானதும் மறுபடி துப்பாக்கி தூக்குவான். ஒரு படை சண்டை போட மருந்துப்பையும் தேவை, தோட்டாவும் தேவை. அப்படியென்றால் சுடாமல் இருப்பதால் மட்டும் கை சுத்தமாகிவிடுமா? ஜெயிலுக்குப் போன அந்த 6,000 பேரில் பலர் இதைத்தான் கேட்டிருப்பார்கள். டாஸ் இந்தக் கேள்விக்குத் தத்துவம் பேசிப் பதில் சொன்னவர் இல்லை. சர்ச் கற்றுக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டவர். இயேசு ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கினார், அதனால் சனிக்கிழமையும் காயம்பட்டவனைக் கவனிக்கலாம், ஆனால் பாரக்ஸைக் கழுவ முடியாது. அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

பாரக்ஸில் அந்தக் கணக்கு யாருக்கும் புரியவில்லை. 77வது காலாட்படை டிவிஷன், 307வது ரெஜிமென்ட், பி கம்பெனி. இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தால் ஷூ பறந்து வரும். சண்டைக்குப் போனதும் உன்னை நானே சுடுவேன் என்று ஒருவன் சொன்னான். சனிக்கிழமை வேலை செய்யாதவனுக்கு மற்ற நாள்களில் கழிவறை கழுவும் வேலை. மனநிலை சரியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். என் மதத்தைக் காரணம் காட்டி எனக்குப் பைத்தியக்காரன் என்று சான்றிதழ் தந்தால் அதை வாங்கிக்கொண்டு நான் நல்ல கிறிஸ்தவனாக இருக்க முடியாது என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். துப்பாக்கியைப் பிடி என்று ஒரு அதிகாரி நேரடி உத்தரவு போட்டு, மறுத்ததும் கோர்ட் மார்ஷல் என்று மிரட்டினார். படத்தில் அது பெரிய கோர்ட் சீனாக வரும், அப்பா பழைய சீருடையோடு ஓடி வருவார். நிஜத்தில் அது மிரட்டலோடு நின்றது.

1944ல் குவாம் தீவு, பிறகு பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவு. (இரண்டுமே படத்தில் கிடையாது.) இரண்டு இடத்திலும் குண்டு மழைக்கு நடுவே ஓடி ஆட்களை இழுத்து வந்ததற்காக வெண்கல நட்சத்திர விருது வாங்கினார். ஷூ எறிந்தவர்கள் அப்போதே எறிவதை நிறுத்தியிருந்தார்கள்.

பிறகு ஒகினாவா.

1945 ஏப்ரல் 1ம் தேதி அமெரிக்கப் படை ஒகினாவா தீவில் இறங்கியது. ஜப்பானியர்கள் கடற்கரையில் பெரிதாக எதிர்க்கவில்லை. தீவின் தெற்கில், ஷுரி என்ற பழைய தலைநகரைச் சுற்றியிருந்த மலைகளைக் குடைந்து, சுரங்கங்களுக்குள் காத்திருந்தார்கள். அந்த மலைகளில் ஒன்று மாயேதா மேடு. செங்குத்தாக எழும் பாறை. இதைத்தான் அமெரிக்கச் சிப்பாய்கள் 'ஹேக்சா ரிட்ஜ்' என்றார்கள். விருதுப் பத்திரம் இதன் உயரம் 400 அடி என்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சரிவு. உச்சிக்குக் கீழே சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாறை சுமார் 35 அடி. கப்பலில் சரக்கு ஏற்றும் கயிற்று வலைகளைக் கட்டித் தொங்கவிட்டு அதில் ஏறினார்கள். அந்த வலைகளைக் கட்டியவர்களில் டாஸும் ஒருவர். மேட்டின் விளிம்பில் ஒற்றை ஆளாக நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அந்த மேட்டில் நடந்தது எப்படிப்பட்ட சண்டை என்பதற்கு ஒரு கணக்கு போதும். 307வது ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் ஏப்ரல் 29ம் தேதி முன்னணிக்குப் போனபோது சுமார் 800 பேர். மே 7ம் தேதி திரும்பியபோது 324 பேர்.

மே 5ம் தேதி சனிக்கிழமை. ஓய்வுநாள். மற்ற மருத்துவச் சிப்பாய்கள் அடிபட்டுவிட்டார்கள். கேப்டன் டாஸிடம் வந்து, நீ வர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் வந்தால் நல்லது என்கிறார். டாஸ் வருகிறேன் என்கிறார், ஆனால் முதலில் வேதாகமம் வாசித்து ஜெபத்தை முடிக்க வேண்டும் என்கிறார். யோசித்துப் பாருங்கள்... அந்தத் தாக்குதல் அவருக்காகக் காத்திருந்தது! மூன்று வருடம் முன்னால் இதே ஜெபத்துக்குத்தான் ஷூ பறந்து வந்தது.

மேலே ஏறியதும் ஜப்பானியர்கள் எதிர்த்தாக்குதல் நடத்தினார்கள். பின்வாங்க உத்தரவு. ஓட முடிந்தவர்கள் வலையைப் பிடித்து இறங்கிவிட்டார்கள். காயம்பட்டவர்கள் மேலேயே கிடந்தார்கள். கூடவே டாஸும் இருந்தார்.

அவருக்கு ஒரு முடிச்சு தெரியும். பயிற்சிக் காலத்தில் கயிறு கட்டிப் பழகும்போது, இரட்டைக் கயிற்றில் முடிச்சுப் போட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு வளையம் விழும் என்று தற்செயலாகக் கண்டுபிடித்தது. இரண்டு காலையும் இரண்டு வளையத்தில் நுழைத்து, மீதிக் கயிற்றை நெஞ்சைச் சுற்றிக் கட்டினால் மயங்கிக் கிடப்பவனையும் விழாமல் இறக்கலாம். ஒவ்வொருவரையும் விளிம்புக்கு இழுத்து வந்து, கயிற்றை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்து, கீழே இருந்தவர்களிடம் இறக்கினார். ஒருவனை இறக்கி முடித்ததும், இன்னும் ஒருவனுக்கு உதவி செய் என்று கடவுளிடம் கேட்பாராம். அது முடிந்ததும் மறுபடி இன்னும் ஒருவன். மேலே யாரும் மிச்சம் இல்லை என்றான பிறகுதான் தானும் இறங்கினார்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

விருதுக்குப் பரிந்துரை எழுத எண் வேண்டும். எத்தனை பேரை இறக்கினாய் என்று டாஸிடம் கேட்டார்கள். அவர் எண்ணவில்லை. (அந்த நேரத்தில் யார் எண்ணுவார்கள்?) ஐம்பதுக்கு மேல் இருக்காது என்றார். அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கணக்கு எளிமையான கழித்தல்: மேலே ஏறியவர்கள் 155 பேர், தாங்களாகவே இறங்கி வந்தவர்கள் 55 பேர், ஆக நீ இறக்கியது 100. டாஸ் அதெல்லாம் முடியாது, அவ்வளவுக்கு நேரமே இருந்திருக்காது என்றார். கடைசியில் இரண்டு தரப்பும் நடுவில் வந்து நின்றன. நூறும் ஐம்பதும் சேர்த்து, இரண்டால் வகுத்தால்... எழுபத்தைந்து!

கல்வெட்டு மாதிரி எல்லோரும் ஒப்பிக்கும் அந்த எண் பேரம் பேசி வந்தது. சந்தையில் பேரம் என்றால் விற்பவன் ஏற்றுவான், வாங்குபவன் இறக்குவான். இங்கே புகழை வாங்கிக்கொள்ள வேண்டியவரே விலையை இறக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொரு வேடிக்கை. அதிகாரபூர்வ விருதுப் பத்திரத்தைக் கவனமாகப் படித்தால், எதிரியின் குண்டுவீச்சில் 'சுமார்' 75 பேர் அடிபட்டார்கள் என்று முதலில் வரும். அடுத்த வாக்கியத்திலேயே டாஸ் அந்த 75 பேரையும் ஒவ்வொருவராகச் சுமந்தார் என்று வரும். ஒரே வாக்கிய இடைவெளியில் 'சுமார்' காணாமல் போய்விட்டது! கணக்குப் பதிவியல் படித்த யாருக்கும் இது கண்ணை உறுத்தும். தேதியும் அப்படித்தான். பத்திரம் இந்தச் சம்பவத்தை ஏப்ரல் 29ன் கீழ் எழுதுகிறது. அது ஞாயிற்றுக்கிழமை. டாஸும் சபையும் சொல்லி வந்ததோ மே 5, சனிக்கிழமை. கயிற்றில் ஸ்ட்ரெச்சர் கட்டி இறக்கினார் என்கிறது பத்திரம். முடிச்சுப் போட்டு இறக்கினேன் என்கிறார் இறக்கியவர்.

இதனால் சம்பவம் பொய் என்றாகிவிடாது. கீழே நின்று ஆட்களை வாங்கியவர்கள் உண்டு, கயிற்றில் தொங்கி இறங்கிப் பிழைத்தவர்கள் உண்டு. அவர்கள் வயதான பிறகு கேமரா முன் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். டாஸை எப்படியாவது கம்பெனியை விட்டு அனுப்பிவிடத் துடித்த கேப்டனும் அவர்களில் ஒருவர். கேள்வி, நடந்ததா இல்லையா என்பதல்ல. நடந்ததை எந்த அளவில் நினைவு வைப்பது என்பதுதான். அந்த அளவைப் பற்றி டாஸ் கடைசி வரை விடாப்பிடியாக இருந்தார்.

மே 21 இரவு ஷுரிக்கு அருகே இன்னொரு தாக்குதல். குழிக்குள் டாஸோடு இருந்தவர்கள் பக்கம் ஒரு கையெறி குண்டு விழுந்தது. கால்கள் முழுக்க உலோகத் துண்டுகள். இன்னொரு மருத்துவச் சிப்பாயைக் கூப்பிட்டு அவன் உயிரையும் ஆபத்தில் வைக்க வேண்டாம் என்று தானே கட்டுப் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் காத்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும் வழியில் தன்னைவிட மோசமாக அடிபட்ட ஒருவனைப் பார்த்ததும், உருண்டு இறங்கி, முதலில் அவனைத் தூக்கச் சொன்னார். காத்திருந்த நேரத்தில் கையில் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியது. கீழே கிடந்த துப்பாக்கியின் மரக்கட்டைப் பாகத்தை எடுத்துக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, 300 கஜ தூரம் தவழ்ந்தே முதலுதவி நிலையத்துக்குப் போனார். போர்க்களத்தில் டாஸ் ஒரு துப்பாக்கியைப் பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான். எலும்பு அசையாமல் இருக்க!

ஸ்ட்ரெச்சரை விட்டுக்கொடுத்ததும், தவழ்ந்து போனதும் படத்தில் இல்லை. காட்டினால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். நடக்காத கோர்ட் சீன் உள்ளே வருகிறது, நடந்த விஷயம் நம்ப முடியாது என்று வெளியே போகிறது. சினிமா தர்மம் அது.

ஆஸ்பத்திரிக் கப்பலில் கண் விழித்தபோதுதான் வேதாகமம் சட்டைப்பையில் இல்லை என்று தெரிந்தது. மனைவி டோரதி கல்யாணத்தின்போது கொடுத்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் புத்தகம். கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். இன்னும் சண்டை ஓயாத அந்த இடத்தில் பி கம்பெனி ஆட்கள் தேடி, கண்டுபிடித்து, தபாலில் அனுப்பி வைத்தார்கள். 1942ல் இதே புத்தகத்தைப் படித்ததற்காகத்தான் அவரைக் கேலி செய்தார்கள். டாஸின் கதையில் எண்களே தேவைப்படாத பகுதி இது.

1945 அக்டோபர் 12ம் தேதி வெள்ளை மாளிகையில் அதிபர் ட்ரூமன் கையால் மெடல் ஆஃப் ஹானர். ஆயுதம் எடுக்க மறுத்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதன் பிறகு வியட்நாம் போரில் இரண்டு பேர், தாமஸ் பென்னட், ஜோசப் லாபாயின்ட். இருவரும் மருத்துவச் சிப்பாய்கள், இருவரும் 1969ல் களத்திலேயே இறந்தவர்கள். உயிரோடு வாங்கியவர் டாஸ் மட்டும்தான்.

உயிரோடு வந்தார், ஆனால் முழுதாக வரவில்லை. லெய்ட்டேயில் பிடித்த காசநோய் போர் முடிந்த பிறகு வெளியே தெரிந்தது. ஐந்தரை வருடம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியாக அலைந்தார். இடது நுரையீரலையும் ஐந்து விலா எலும்புகளையும் எடுத்துவிட்டார்கள். 1951ல் வெளியே வந்தபோது தச்சு வேலைக்குப் போகும் உடம்பு இல்லை. ஜார்ஜியா மாநிலம் ரைசிங் ஃபானில் சின்னப் பண்ணை வைத்துக்கொண்டு இருந்தார். குடும்பத்தை ஓட்ட டோரதி நர்ஸ் வேலைக்குப் போனார். (படத்தில் அவரை முதல் சந்திப்பிலேயே நர்ஸாகக் காட்டிவிடுவார்கள். நிஜத்தில் நர்ஸ் ஆனது போருக்குப் பிறகு, கணவர் படுத்துவிட்டதால்.) 1976ல் மருந்தின் அளவு அதிகமாகிப் போய் டாஸின் காது முழுவதும் கேட்காமல் போனது. பன்னிரண்டு வருடம் நிசப்தம். 1988ல் காதுக்குள் கருவி வைத்த பிறகுதான் ஓரளவு கேட்டது. 1991ல் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக டோரதியைக் காரில் அழைத்துப் போனார். வண்டியை ஓட்டியது அவர்தான். விபத்தில் டோரதி இறந்துபோனார்.

வீரர்களின் கதையை விருது வாங்கும் இடத்தோடு முடித்துவிடுவது எல்லோருக்கும் வசதி. டாஸ் விருது வாங்கிய பிறகு அறுபது வருடம் வாழ்ந்தார். போர்க்களத்தில் இருந்தது ஒரு வருடம் கூட இல்லை. ஒற்றை நுரையீரலோடு இருந்தது ஐம்பது வருடத்துக்கு மேல். அவருடைய பக்தி அதிகம் சோதிக்கப்பட்டது மாயேதா மேட்டிலா, அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்களிலா?

ஹாலிவுட் சும்மா இருக்குமா? போர் முடிந்ததிலிருந்தே கதை கேட்டு ஆள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். டாஸ் பல பத்தாண்டுகள் மறுத்தார். பணத்துக்காக அல்ல. கதையைப் பெரிதாக்கி, தன்னைத் தூக்கி வைத்து, கடவுளைக் கீழே இறக்கிவிடுவார்கள் என்ற பயம்தான். ஐம்பது என்று சொன்ன அதே ஆள்தானே! கடைசிக் காலத்தில்தான் சம்மதித்தார். 2004ல் ஒரு ஆவணப்படம் வந்தது. அவரும் அவருடைய பழைய தோழர்களும் அதில் பேசினார்கள். பெரிய படம் வந்தபோது அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அது இரண்டு ஆஸ்கர் வாங்கியது. படத்தின் முடிவில் நிஜத் தாத்தா சில நொடிகள் வந்து பேசுவார். இரண்டு மணி நேரப் படத்தில் மிகைப்படுத்தாத பகுதி எது என்று கேட்டால் அந்தச் சில நொடிகளைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த மேட்டின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு நேர்படாது. மாயேதா மேடு இருப்பது உராசோயே என்ற ஊரில். படத்தில் அது புகையும் சேறுமாக ஆளில்லாத இடம். நிஜத்தில் அது ரியூக்யூ மன்னர்களின் பழைய கோட்டை இருந்த இடம். மன்னர்களின் கல்லறைகள் அதன் சரிவிலேயே இருக்கின்றன. சுற்றிலும் கிராமங்கள். அந்தப் போரில் உராசோயே ஜனங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் செத்துப்போனார்கள். சிப்பாய்கள் இல்லை, ஊர் ஜனங்கள். படத்தில் அவர்களில் ஒருவர் கூட வருவதில்லை. ஜப்பானில் இந்தப் படம் 2017 ஜூன் 24ம் தேதி வெளியானது. ஒகினாவாவில் போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நாள் ஜூன் 23. விளம்பரங்களில் ஒகினாவா என்ற பெயரை முன்னால் வைக்காமலே வெளியிட்டார்கள். அப்படியும் படம் பார்த்தவர்கள் மேட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அதனால் உராசோயே நகராட்சியே வழிகாட்டிப் பக்கம் ஒன்றைத் தயார் செய்தது. படத்தில் வரும் இடம் எது என்பதோடு, படத்தில் வராத ஜனங்களுக்கு என்ன ஆனது என்பதையும் அதில் எழுதி வைத்தார்கள்.

ஒகினாவாவின் தெற்கு முனையில், இதோமான் நகரில், கடலைப் பார்த்தபடி கறுப்புக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. போர் முடிந்து ஐம்பது வருடம் ஆனபோது, 1995ல் நிறுவியவை. ஒகினாவாக்காரர், ஜப்பானியர், கொரியர், அமெரிக்கர் என்று எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்க்காமல், இறந்தவர்கள் பெயரை எல்லாம் அதில் பொறித்திருக்கிறார்கள். இன்றைக்கு 2,40,000க்கு மேல் பெயர்கள். அதில் சுமார் 14,000 அமெரிக்கர்கள். புதிதாகத் தெரியவரும் பெயர்களை ஒவ்வொரு வருடமும் சேர்க்கிறார்கள்.

கயிற்றில் இறங்கிப் பிழைத்தவர்கள் பெயர் அந்தக் கற்களில் இல்லை, இருக்கவும் முடியாது. விருதுப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஐம்பதோ, எழுபத்தைந்தோ, நூறோ, அவர்களில் பலர் கப்பலேறி ஊருக்குப் போய், வேலை தேடி, கல்யாணம் செய்து, அவரவர் ஊரில் தாத்தா ஆகியிருப்பார்கள்.